உலகமயமாதல்: மாணவனுக்கு எதைக் கற்பிப்பது?

‘உலகமயமாதலின் நன்மை தீமைகளை விளக்குக.’ பத்தாம் வகுப்புத் தேர்வுகளில் ஐந்து மதிப்பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப வரும் வினா இது. நன்கு படித்த மாணவன் இதற்கு விடையெழுத அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. அந்நிய முதலீடு, புதிய தொழில்நுட்பம், வேலைவாய்ப்பு, கடைகளில் குவியும் பலவகைப் பொருள்கள் ஆகியவை நன்மைகள். சிறுதொழில்களின் நலிவு, ஏற்றத்தாழ்வு, நிலையற்ற வேலை, பண்பாட்டுச் சிதைவு ஆகியவை தீமைகள். இறுதியில், ‘எனவே உலகமயமாதலில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று ஒரு முடிவுரை. முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

இந்த விடையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதில் மனிதர் ஒருவரும் இல்லை. யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை, ஒரே செயல் ஒருவருக்கு வாழ்வும் மற்றொருவருக்கு இழப்புமாக அமையும்போது அதில் பங்குகொள்பவனின் கடமை என்ன என்னும் வினாக்கள் இங்கே எழுவதே இல்லை. அவை பொருளாதாரப் பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று ஆசிரியர் கூறக்கூடும். அப்படியானால் அவற்றை எந்தப் பாடத்தில் கற்பிப்பது? நீதிபோதனை வகுப்பு என்று ஒன்று உண்டு. பல பள்ளிகளில் அது, பாடத்தை முடிக்க இயலாத கணித ஆசிரியர் கடனாகப் பெற்றுக்கொள்ளும் வகுப்பாகவே இருந்துவருகிறது!

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்புப் பொருளாதார நூலை நாடெங்கும் உள்ள மாணவர்கள் பல ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறார்கள். உலகமயமாதல் பற்றிய அதன் அத்தியாயம் அக்கறையோடு எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1991-ஆம் ஆண்டின் கொள்கை மாற்றம், உலக வர்த்தக அமைப்பு, ஏற்றுமதி ஆடைத் தொழிலாளர்களின் நிலை, இறக்குமதிப் போட்டியால் நொடிந்த சிறு உற்பத்தியாளர்கள் என அனைத்தும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அந்நிய முதலீட்டுக்கு எடுத்துக்காட்டாக, 1995-இல் இந்தியாவுக்கு வந்து சென்னைக்கு அருகே ஆலை அமைத்த ஃபோர்டு கார் நிறுவனத்தை அது காட்டியது. அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது. அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்துவது பற்றிய அறிவிப்புகள் பின்னர் வந்தன. ஆனால் ஆலை மூடப்பட்ட நாளில் வேலை இழந்தவர்களுள், பத்தாம் வகுப்பில் இதே எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர்களும் இருந்திருக்கக்கூடும். பாடமாகப் படித்தபோது அது அவர்களுக்கு ஒரு செய்தி. பின்னர் அதுவே அவர்களுடைய வாழ்க்கையாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே ஆசிரியரின் பணி. அது எவ்வாறு இயலும் என்பதே இங்கு எழும் கேள்வி.

குடும்பம் என்னும் சொல்

இத்தலைப்பில் நடைபெறும் பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் தவறாமல் கூறும் ஒரு கருத்து உண்டு. உலகம் முழுவதும் ஒரே குடும்பம் என்று மகோபநிஷதம் கூறியது. ஆகவே உலகமயமாதலை உலகுக்குக் கற்பித்ததே பாரதம் என்பது அக்கருத்து. தமிழ் மாணவராயின் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலையும் சேர்த்துக்கொள்வார். 2023-இல் ஜி-20 அமைப்புக்கு இந்தியா தலைமை வகித்தபோது அந்த உபநிஷத வாக்கியமே முழக்கமாக அமைந்ததால், இந்தப் பேச்சுக்கு இப்போது கைதட்டல் இன்னும் அதிகம்.

மகோபநிஷதம் அவ்வாறு கூறுவது பற்றுகளைக் கடந்த ஒரு ஞானியின் மனநிலையைப் பற்றி. ‘இவர் என்னவர், அவர் அயலார்’ என்று கணக்கிடும் இயல்பு அவரிடம் மறைந்துவிட்டது. கப்பல்களும் கடன் பத்திரங்களும் எல்லைகளைக் கடந்து செல்வதால் மட்டும் அந்த இயல்பு மறைந்துவிடுமா? இதே சுலோகம் ஹிதோபதேசத்திலும் வருகிறது. அங்கே அதைக் கூறுவது ஒரு நரி. கொழுத்த மான் ஒன்றை எப்படியாவது தின்றுவிட வேண்டும் என்று திட்டமிட்டு, அதனுடன் நட்புக்கொள்ள வருகிறது அந்த நரி. ‘குலமும் குணமும் அறியாதவனை நம்பலாகாது’ என்று மானின் நண்பனான காகம் எச்சரிக்கிறது. அப்போது நரி உலகக் குடும்பம் பற்றிய சுலோகத்தைச் சொல்லி வாயடைத்துவிடுகிறது. பின்னர், நரி காட்டிய வயலில் மேயப்போன மான் வலையில் சிக்கிக்கொண்டு உதவி கேட்கும்போது, ‘வலை நரம்பால் ஆனது, இன்று எனக்கு விரத நாள், பல்லால் தொடலாகாது’ என்று விலகி நின்றுகொள்கிறது!

ஒரே வாக்கியத்தை ஞானியும் கூறலாம், நரியும் கூறலாம் என்பதை நாராயண பண்டிதர் அறிந்திருந்தார். மாணவனுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. குடும்பம் என்றால், வலையில் சிக்கியவர் யார் என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதலில் அவர் இருப்பதே தெரிய வேண்டும்.

பந்தின் கதை

பொதுவாகப் பேசப்படும் தத்துவம் இளம் மனத்தில் நிற்பதில்லை. மாணவன் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து தொடங்குவதே நலம். பள்ளி மைதானத்தில் கிடக்கும் கால்பந்து அதற்கு மிகவும் ஏற்றது.

பழைய முறையில் தைக்கப்பட்ட ஒரு பந்தை மேசைமீது வைத்து மாணவர்களை எண்ணச் சொல்லலாம். ஐந்து பக்கங்கள் கொண்ட துண்டுகள் 12, ஆறு பக்கங்கள் கொண்டவை 20, ஆக 32 துண்டுகள். இவை ஒன்றோடொன்று சேரும் விளிம்புகள் 90. இதுவரை கணிதம். அந்த விளிம்புகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் தைத்திருக்கிறார் என்பது அடுத்த செய்தி. தைப்பவர் மரத்தாலான கவ்வி ஒன்றை இரு முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்கிறார். இரண்டு துண்டுகளை அதில் பிடித்து, மெழுகு பூசிய நூலை இரு ஊசிகளில் கோத்து, இருபுறமிருந்தும் துளைகளின் வழியே இழுத்து இறுக்குகிறார். ஒரு பந்துக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட தையல்கள். கைதேர்ந்தவர் ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு பந்துகளைத் தைத்து முடிப்பார். ஒவ்வொரு முறையும் நூலை இழுத்து இறுக்குவதால் விரல்களில் வெட்டுக் காயங்கள் ஏற்படுவதுண்டு.

இந்தியாவில் இத்தகைய பந்துகள் உருவாகும் முக்கிய ஊர் பஞ்சாபிலுள்ள ஜலந்தர். இத்தொழிலின் தாயகம் ஜலந்தர் அன்று. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் தேவைக்காக அங்கே விளையாட்டுப் பொருள் தொழில் வேரூன்றியது. 1947-இல் தேசம் பிரிந்தபோது, அத்தொழிலில் இருந்த இந்துக்களும் சீக்கியர்களும் எல்லையைக் கடந்து வந்தனர். தொழிலதிபர்களோடு தோல் வேலை அறிந்த எளிய மக்களும் வந்தனர். ஜலந்தரின் பார்கவ் கேம்ப் போன்ற அகதிக் குடியிருப்புகளில் அந்தக் கைத்தொழில் மீண்டும் உயிர்பெற்றது. கிரிக்கெட் மட்டைக்குப் புகழ்பெற்ற மீரட்டிலும் இவ்வாறே ஒரு பகுதியினர் குடியேறினர். இவ்வாறு, ஒரே கைத்தொழில் இரு நாடுகளுக்குள் பிரிந்து நின்று, ஒரே அயல்நாட்டுச் சந்தைக்காகப் போட்டியிட்டது. அச்சந்தையில் பெரும்பங்கைச் சியால்கோட்டே பெற்றது. பந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உதைத்த ஐரோப்பியச் சிறுவனுக்குச் சியால்கோட்டும் தெரியாது, ஜலந்தரும் தெரியாது.

1996-இல் தெரியவந்தது. அவ்வாண்டு ‘லைஃப்’ என்னும் அமெரிக்க இதழ், பாகிஸ்தானில் ஒரு சிறுவன் அமர்ந்து கால்பந்து தைக்கும் புகைப்படத்தை வெளியிட்டது. பந்தின்மீது உலகறிந்த ஒரு நிறுவனத்தின் சின்னம் இருந்தது. சியால்கோட் பகுதியில் சுமார் 7,000 குழந்தைகள் இத்தொழிலில் ஈடுபட்டிருப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. மேலை நாடுகளில் பெற்றோர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தனர். ‘குழந்தைகள் தைத்த பந்தை எங்கள் குழந்தைகள் உதைக்க மாட்டார்கள்’ என்ற குரல் வலுத்தது. அக்குரலில் போலித்தனம் இருந்தது என்று கருதக் காரணமில்லை. தொலைவில் உள்ள ஒரு சிறுவனின் விரல் காயம் முன்பின் அறியாத மனிதர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. உலகமயமாதலின் விளைவுகளில் இதுவும் ஒன்று. பாடநூலின் நன்மைப் பட்டியலில் இது இடம்பெறுவதில்லை.

அதன் பயனாக 1997 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சியால்கோட் வர்த்தக சபையும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், யுனிசெஃப் அமைப்பும் அதில் பங்குகொண்டன. 14 வயதுக்குட்பட்டோரை இத்தொழிலிலிருந்து விலக்குவது அதன் நோக்கம். வீடு வீடாகச் சென்று கண்காணிப்பது இயலாது என்பதால், தையல் வேலையை வீடுகளிலிருந்து பதிவு செய்யப்பட்ட மையங்களுக்கு மாற்றுவது அதன் வழி. ஜலந்தரிலும் 1990-களின் இறுதியில் ஏற்றுமதியாளர்கள் ஒன்றுகூடிக் கண்காணிப்பு ஏற்பாடுகளைச் செய்தனர்.

கருணை அறியாதது

குழந்தைகள் பலர் தையலை விட்டனர், பள்ளிகளும் திறக்கப்பட்டன. இது பெரிய நன்மை. இதனைக் குறைத்து மதிப்பிடுபவர் குழந்தையின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்காதவராகவே இருப்பார். ஆனால் அத்துடன் கதை முடியவில்லை.

சியால்கோட்டின் சுற்றுப்புறக் கிராமங்களில் பந்து தைத்தவர்களுள் பெரும் பகுதியினர் பெண்கள். சமையலுக்கும் கைக்குழந்தைக்கும் இடையே கிடைத்த நேரத்தில், வீட்டு முற்றத்தில் அமர்ந்து தைத்துவந்தவர்கள் அவர்கள். வேலை மையங்களுக்கு மாறியபோது அவர்களால் பின்தொடர்ந்து செல்ல இயலவில்லை. மையம் தொலைவில் இருந்தது. அயல் ஆடவர்களோடு சேர்ந்து அமர்ந்து வேலை செய்வதற்கு ஊர் வழக்கம் இடம்கொடுக்கவில்லை. குழந்தையை விட்டுச் செல்லவும் இடமில்லை. பெண்களுக்கென்று தனி மையங்கள் பின்னர் ஏற்படுத்தப்பட்டன. எனினும், எத்தனையோ பெண்கள் தமக்கென்று இருந்த ஒரே வருமானத்தை இழந்தனர் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். குழந்தை ஏன் தைத்தது? வீட்டில் வருமானம் போதாததால். அந்த வீட்டின் வருமானமே இப்போது மேலும் குறைந்தது.

2006 நவம்பரில் இன்னொன்று நிகழ்ந்தது. சியால்கோட்டில் தனக்குப் பந்து தைத்துக் கொடுத்துவந்த பெரிய நிறுவனம் ஒன்று வேலையை அனுமதியின்றி வீடுகளுக்கு அனுப்பியதைக் கண்ட நைக்கி, அந்நிறுவனத்துடன் கொண்டிருந்த உறவை முறித்துக்கொண்டது. விதிப்படி அது சரியே. குழந்தைகளின் பெயரால் எடுக்கப்பட்ட அந்த ஒரு முடிவால் ஆயிரக்கணக்கான பெரியவர்களின் வேலை கேள்விக்குறியாயிற்று. தவறு செய்தது நிறுவனம். அதன் சுமை ஊசி பிடித்தவர்கள்மீது விழுந்தது.

இதற்கு முன்பே வங்கதேசம் இப்பாடத்தைக் கற்றிருந்தது. குழந்தைகள் உழைப்பில் உருவான பொருள்களை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் மசோதா ஒன்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவே இல்லை. ஆனால் அஞ்சிய ஆடை ஆலைகள் பல்லாயிரம் குழந்தைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்களுள் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் சென்றனர் என்பதை யுனிசெஃப் பின்னர் எடுத்துக்காட்டியது. 1995-இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையில்தான், விலக்கப்படும் குழந்தைக்குப் பள்ளியும், குடும்பத்துக்கு ஈடாகச் சிறு உதவித்தொகையும் உண்டு என்ற ஏற்பாடு வந்தது. ‘வெளியே அனுப்பினால் இக்குழந்தை நாளைக் காலை எங்கே போகும்?’ என்று ஒருவர் கேட்டதற்கும் கேளாமல் விட்டதற்கும் உள்ள வேறுபாடு அது.

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாக வகுக்கிறார். தேசம், காலம், பாத்திரம் ஆகியவற்றை அறிந்து, கைம்மாறு கருதாது கொடுப்பது சாத்விக தானம். அவற்றை அறியாமலும், பெறுபவரை மதியாமலும் கொடுப்பது தாமஸ தானம். பாத்திரம் என்பதற்குத் தகுதியுடையவர் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். ஆனால் சியால்கோட் பெண்களை நினைத்துப் பார்க்கும்போது, அச்சொல்லில் மற்றொரு கடமையும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. பெறுபவர் யார், அவரது வீடு எத்தகையது, அவரது நாள் எவ்வாறு கழிகிறது என்பதைக் கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டாமா? மதியாமல் கொடுப்பது என்பதில், அவரைக் கேளாமலே அவருக்கு நன்மை செய்வதும் சேரும் அல்லவா? சியால்கோட்டில் குழந்தைகளிடமே நேரில் கேட்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வு 1997-இல் வெளிவந்தது. குடும்பத்தின் தேவைக்காகவே தைப்பதாகக் குழந்தைகள் அதில் கூறினர். கேட்டால் சொல்லக் கூடியவர்களாகவே அவர்கள் இருந்தனர்.

குற்றமும் பொறுப்பும்

இக்கதையைக் கேட்கும் மாணவன், ‘பந்தை வாங்கிய நான் குற்றவாளியா?’ என்று கேட்பான். கேட்காவிட்டால் பாடம் அவனைத் தொடவில்லை என்று கொள்ளலாம். இதற்கு விடை காண்பது எளிதன்று.

ஆடம் ஸ்மித் என்றவுடன் சந்தைப் பொருளாதாரம்தான் நினைவுக்கு வரும். அவர் அடிப்படையில் அறவியல் பேராசிரியர். 1759-இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு நிலைமையைக் கற்பனை செய்கிறார். சீன தேசம் முழுவதும் பூகம்பத்தில் அழிந்துவிட்டது என்ற செய்தி ஐரோப்பாவிலுள்ள ஒரு நல்ல மனிதருக்குக் கிட்டுகிறது. அவர் வருந்துவார், வாழ்வின் நிலையாமை பற்றிப் பேசுவார், பிறகு தமது வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாளை தமது சுண்டுவிரலை இழக்க வேண்டும் என்றால் மட்டும் இரவு முழுவதும் உறங்க மாட்டார். ஆயினும், தம் விரலைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனை உயிர்களையும் பலியிடச் சம்மதிப்பாரா என்று கேட்டால், அந்த எண்ணத்திற்கே நடுங்குவார். உணர்ச்சி தொலைவில் மங்கிவிடுகிறது. மனசாட்சி அவ்வாறு மங்குவதில்லை என்பது ஸ்மித்தின் கருத்து.

தொலைவு ஒரு பொருட்டே அன்று என்று வாதிட்டவர் பீட்டர் சிங்கர். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்து, முகாம்களில் பட்டினியிலும் நோயிலும் மடிந்துகொண்டிருந்தபோது அவர் எழுதிய கட்டுரை, 1972-இல் வெளிவந்து தத்துவ மாணவர்களிடையே புகழ்பெற்றது. கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற, உடை பாழாகுமே என்று தயங்காமல் இறங்குபவன், வங்கத்தில் மடியும் குழந்தைக்கு உதவ மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று அவர் கேட்டார். கேள்வி கூர்மையானது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. குளத்துக் குழந்தை வாய் பேசாது. அதைத் தூக்கிக் கரையில் விட்டால் கடமை முடிந்துவிடும். பந்து தைக்கும் வீடு குளம் அன்று. அங்கே இறங்குபவருக்கு நீந்தத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

2006-இல் காலமான அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங், இவ்விஷயத்தில் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது ஆடைத் தொழிற்கூடங்களின் அவலம். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பது அவரது வாதம். குற்றம் கடந்த காலத்தை நோக்குகிறது; யார் செய்தார் என்று தேடி அவரைத் தண்டிக்கிறது. பொறுப்பு எதிர்காலத்தை நோக்குகிறது. வாங்குபவர், விற்பவர், செய்விப்பவர் என ஓர் ஏற்பாட்டில் பங்குகொள்ளும் எவரும், அந்த ஏற்பாடு நியாயமாவதற்குத் தத்தம் சக்திக்கு ஏற்பப் பிறரோடு சேர்ந்து முயல வேண்டியவரே. பந்து வாங்கிய மாணவன் குற்றவாளி அல்லன். ஆனால் ‘எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று அவன் கூறவும் முடியாது. கர்ம நியதியைப் பிறர் துன்பத்துக்கு விளக்கமாகக் கூறித் தம் கடமையை முடித்துக்கொள்பவர்கள் இங்கே பலர் உண்டு. அவர்களுக்கும் இவ்வேறுபாடு உதவக்கூடும்.

டார்வெனில் காந்தியடிகள்

ஓர் ஏற்பாட்டை மாற்ற முயலும்போது யாராவது ஒருவருக்குத் துன்பம் நேரும் என்றால், முயலாமலே இருந்துவிடலாமா? இவ்வினாவுக்கு ஒரு வாழ்க்கை விடை கூறுகிறது.

1930-31 ஆண்டுகளில் இந்தியா அந்நியத் துணியைப் புறக்கணித்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்ட நெசவாலைகளுக்கு இந்தியா மிகப் பெரிய சந்தையாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, ஆலைகள் மூடின. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் லண்டன் சென்ற காந்தியடிகள், செப்டம்பர் மாத இறுதியில் லங்காஷயரிலுள்ள டார்வென் நகருக்குப் போனார். தமது இயக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களை அவர்களது ஊரிலேயே சென்று சந்தித்தார், அவர்களிடையே தங்கினார், அவர்களது குறைகளைக் கேட்டார்.

அவர்களுக்கு அவர் பொய்யான ஆறுதல் எதுவும் கூறவில்லை. புறக்கணிப்பைக் கைவிடுவதாக வாக்களிக்கவும் இல்லை. அவர்களது துன்பம் தம்மை வருத்துகிறது என்றார். அங்கே வேலையற்றோர் முப்பது லட்சம் என்றால், இந்தியாவில் ஏறத்தாழ முப்பது கோடிப் பேர் ஆண்டில் பாதி நாள் வேலையின்றி இருப்பதை எடுத்துரைத்தார். வெறுப்போடு எதிர்கொள்வார்கள் என்று பலர் அஞ்சிய இடத்தில், ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர். அப்புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

இந்த நிகழ்ச்சியைப் பாராட்டுக் கதையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. டார்வென் தொழிலாளியின் வேலை திரும்ப வரவில்லை. காந்தியடிகளின் முடிவு சரியானது என்று கொண்டாலும், அதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்தார். அந்த ஒருவரின் எதிரே சென்று நிற்க அவர் தயங்கவில்லை என்பதுதான் இங்கு மாணவன் கவனிக்க வேண்டியது. அட்லாண்டாவில் கையெழுத்திட்டவர்களுள் எத்தனை பேர், கையெழுத்திடுவதற்கு முன்பு, முற்றத்தில் அமர்ந்து தைத்த ஒரு பெண்ணின் எதிரே அமர்ந்திருப்பார்கள்?

வகுப்பறையில்

ஆசிரியர் செய்யக்கூடியவை எளியவையே. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும். பந்து, பென்சில், தேயிலை, சட்டை என எதுவாயினும், அது யார் யார் கைகளின் வழியே வந்தது என்று மாணவர்கள் தேடட்டும். சில கண்ணிகள் கிடைக்கும். சில கிடைக்காமல் போகும். கிடைக்காத இடத்தில் கற்பனையால் நிரப்பக் கூடாது என்று சொல்லித்தருவதும் கல்விதான். பின்னர், இக்கண்ணிகளுள் ஒன்றை மாற்றினால் யாருக்கு என்ன நேரும் என்று எழுதச் சொல்லலாம். சட்டென்று ஒரு தீர்வைக் கூறும் மாணவனிடம், ‘அந்த அம்மையார் அடுத்த நாள் என்ன செய்வார்?’ என்று மட்டும் கேட்டால் போதும். இதற்கு மதிப்பெண் வழங்குவது கடினம். அதனாலேயே தேர்வாளர்கள் இதை விரும்புவதில்லை.

கதையில் அடுத்த திருப்பத்தையும் மறைக்கலாகாது. 2006 உலகக் கோப்பைப் பந்தில் கைத்தையலே இல்லை. துண்டுகள் வெப்பத்தால் ஒட்டப்பட்டன. அது தாய்லாந்தில் உருவானது. புதிய முறையைக் கற்றுக்கொண்ட சியால்கோட் 2014 உலகக் கோப்பைக்கு மீண்டும் பந்து அனுப்பியது. கையால் தைப்பதை மட்டுமே அறிந்தவர்களுக்கு அந்த வெற்றியில் என்ன பங்கு என்பது வேறு கேள்வி.

இவ்வாறு கற்பிக்கும்போது ஆசிரியர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓரிடம் உண்டு. தொலைவில் உள்ள ஏழைத் தொழிலாளியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கையில், அத்தொழிலாளியின் பிள்ளை மூன்றாவது பெஞ்சில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். ஜலந்தரில் அவ்வாறே, சூரத்திலும் அவ்வாறே, திருப்பூரில் சொல்லவே வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, பின்னலாடை, வைரம், விளையாட்டுப் பொருள் ஆகிய மூன்றுமே அதில் அடங்கின. அந்த வாரம் இம்மூன்று ஊர்களின் வீடுகளிலும் பெற்றோர் தணிந்த குரலில் பேசிக்கொண்டதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். மறுநாள் அவர்கள் பள்ளிக்கு வந்து, உலகமயமாதலின் தீமைகளை வரிசைப்படுத்தி எழுதியும் இருப்பார்கள்.

அத்தகைய பிள்ளை வகுப்பில் இருப்பது தெரிந்தால், ஆசிரியர் பாடநூலைச் சற்றே மூடிவைக்கலாம். அந்தப் பிள்ளை பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.